36 ஃப்ரேமும் மாமாவோட நோட்டும்

"ஃப்ரேம் 14. 250, 8. வடகரை. ஒரு அம்மா தலைல சொம்புத் தண்ணி ஊத்திக்கிட்டு கண்ண மூடி நிக்கிறாங்க. பின்னாடி ஒரு ஆளு செருப்பக் காணோம் செருப்பக் காணோம்னு சொல்லிட்டே இருக்கான், ஒருத்தரும் திரும்பல."

2004 மார்ச் 6ஆம் தேதி, கும்பகோணம் மகாமகத்தன்னிக்கு குளத்தங்கரைல நான் பென்சில்ல கிறுக்குனது இது. 250ங்கிறது ஷட்டர் வேகம், 8ங்கிறது லென்ஸ் திறப்பு, அதான் அப்பர்ச்சர். போட்டோல அந்த அம்மா மட்டும்தான் இருக்காங்க, அதுவும் சுமாரான படம், நெத்தியும் மூக்கும் வெயில்ல வெளுத்துப் போச்சு. ஆனா நான் எழுதுனதுலயே நாலு பேர் தேடிப் பிடிச்சு பேசுன முதல் கதை அந்த செருப்பு ஆளோடதுதான். அவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல, குரல் மட்டும்தான் காதுல விழுந்துச்சு.

நான் திருச்சில ஒரு வங்கில வேலை பாக்குறேன், பொறந்தது வளந்தது கும்பகோணம். ரெண்டு சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாவல் வந்திருக்கு, வித்தது பத்தி கேக்காதீங்க. கூடவே கேமரா, கச்சேரி. தெரிஞ்சவங்க அடிக்கடி கேக்குறது, எழுத்து பாட்டு போட்டோ மூணும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப ஹெல்ப்பா இருக்கும்ல அப்படின்னு. இல்லைங்க. கேமரா கண்ணுல இருக்குறப்போ காது அடைச்சுக்கும், பாட்டுல ஊறிட்டா ஒரு வரி எழுத வராது, எழுத உக்காந்துட்டா வீட்ல குக்கர் எத்தன விசில் விட்டுச்சுன்னு தெரியாது. மூணும் ஒரே நேரத்துல ஒரே ஆளுகிட்ட சம்பளம் கேக்குற கேஸு. எல்லாக் கலையும் ஒண்ணுதான்னு மேடைல பேசுறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கும்.

மூணையும் ஒண்ணா கட்டிப் போட்டது எதுன்னு யோசிச்சா என் கேஸ்ல ஒரு அரையணா பெறாத நோட்டுதான். அத தொலைச்சு, திரும்பக் கண்டுபிடிக்க எனக்கு பல வருஷம் ஆச்சு.

2001ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு நிக்கான் எஃப்எம்10 வாங்குனேன், கூடவே 35-70 லென்ஸு. எல்லா செட்டிங்கையும் கைலயே வைக்கணும், வ்யூஃபைண்டர் ஓரத்துல பிளஸ், சைபர், மைனஸ்னு மூணு குட்டி லைட்டு எரியும், சைபர் மட்டும் எரிஞ்சா வெளிச்சம் சரி, அவ்ளோதான் அது பண்ற உதவி. எங்க தெருமுனைல ஸ்டுடியோ வச்சிருந்த அண்ணன்தான் ஃபிலிம் ரோல் மாட்ட கத்துக்கொடுத்தார். முதல் ரோல்ல பாதி இருட்டு, பாதி வெளுப்பு. எதை எந்த செட்டிங்ல எடுத்தன்னு கேட்டார், முழிச்சேன். "தங்கச்சி, நோட்டு போடாம இனிமே ரோல கழுவ கொண்டு வராத, காச வாங்கிக்க எனக்கே கூச்சமா இருக்கு"ன்னுட்டார். அன்னிலேந்து ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஷட்டர், அப்பர்ச்சர், எங்க எடுத்ததுன்னு எழுத ஆரம்பிச்சேன். ரோல் கழுவி பிரிண்ட் வர்றதுக்கு பத்து நாள் ஆகும், அதுக்குள்ள எந்தப் படம் எதுன்னு மறந்துடும், அதனால அடையாளத்துக்கு ஒரு வரி. அந்த ஒரு வரி ரெண்டு வரி ஆச்சு, மூணு ஆச்சு. படம் சரியா வருமான்னு தெரியாத பயத்துல, வரலேன்னா இதாவது இருக்கட்டும்னு சுத்தி இருந்ததையெல்லாம் எழுதி வச்சேன்.

ஃபிலிம்ல 36 தான் இருக்கும், அதனால ஒவ்வொண்ணையும் செதுக்கி எடுப்போம், இப்போ பசங்களுக்கு அந்த அருமை தெரியாதுன்னு எங்க வயசு ஆளுங்க புலம்புறதுல எனக்கு உடன்பாடு கிடையாது. காசில்ல, அதனால கம்மியா எடுத்தோம். கையில இன்னொரு ரோல் இருந்திருந்தா அதையும் சுட்டுத் தள்ளியிருப்போம். எனக்கு அதுல கிடச்சது சிக்கனம் இல்ல, அந்த நோட்டுதான்.

மாமா கதைக்கு வர்றேன். அம்மாவோட அண்ணன். கும்பகோணத்துல ஒரு பாத்திரக் கடைல முப்பது வருஷம் கணக்கு எழுதுனவர். பாட்டு கத்துக்கிட்டதில்ல, ஆனா காது இருக்கே காது. எந்தக் கோயில்ல எந்த நாதஸ்வர செட்டு வாசிக்கிறாங்கன்னு பாத்துட்டு சைக்கிள எடுத்துட்டு கெளம்பிடுவார். சபாக் கச்சேரிய விட அவருக்கு கோயில் வாசிப்புதான் உசிரு, டிக்கெட்டும் கிடையாதேம்பார். கேட்டுட்டு வந்தா ராத்திரியே நோட்டுல ஏறிடும். ராகம் பேர் போட்டு பக்கத்துல ரா, நி, ஸ்வ-ன்னு சின்னதா எழுதுவார், ராகத்த விரிச்சு ஆலாபனை பண்ணாரு, ஒரே வரிய மாத்தி மாத்தி வாசிச்சு நிரவல் பண்ணாரு, ஸ்வரம் போட்டாருன்னு அர்த்தம். கச்சேரிக்குப் போற பழைய ரசிகர்கள் நிறைய பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு, மடில ஒரு குட்டி நோட்டு இருக்கும். மாமா மட்டும் கணக்குப்பிள்ளைங்குறதால எல்லாத்துக்கும் கோடு போட்டு கட்டம் பிரிச்சு வச்சிருப்பார்.

என்னை மடில உக்கார வச்சுதான் தாளம் சொல்லிக்கொடுத்தார். அவர்கிட்ட நான் பிடிச்ச முக்கியமான விஷயம் எடுப்புதான், அதாவது தாளத்துல பாட்டு ஆரம்பிக்கிற இடம். ஆதி தாளம்னா எட்டு எண்ணிக்கை, முதல் அடி சமம். எல்லாப் பாட்டும் அந்த முதல் அடிலயே ஆரம்பிக்கணும்னு இல்ல, அடி விழுந்தப்புறம் அரை இடம் தள்ளி, ஒண்ணரை இடம் தள்ளி எடுக்குற பாட்டு நிறைய இருக்கு. அடி விழுந்துடுச்சு, பாட்டு இன்னும் வரல, அந்த கண்ணிமைக்கிற நேரத்துல சபையே லேசா முன்னாடி சாயும் பாருங்க. கதை ஆரம்பிக்கிறப்போ நான் பண்றது இதுதான். யாரு, எந்த ஊரு, என்ன பிரச்சனைன்னு முதல் வரியிலயே டப்புனு அடிக்க மாட்டேன், சம்பவம் ஏற்கனவே ஆரம்பிச்சு அரை இடம் போனப்புறம் உள்ள நுழைவேன். எழுத்துப் பட்டறைக்கு வர்ற பசங்களுக்கு இத சொன்னா தியரியா புரியாது, ஒரு பாட்ட போட்டு தொடைல தட்டிக் காட்டுனா உடனே புரிஞ்சுக்குறாங்க.

மாமா இன்னொண்ணும் பண்ணுவார். நாதஸ்வரக்காரங்க வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய் உக்காந்துடுவார். வாத்தியத்து முனைல மாட்டி ஊதுற சீவாளிய வாயில வச்சு ஊற வச்சிட்டிருப்பாங்க, வாத்தியத்துல மேல நூல்ல மாத்து சீவாளியும் ஒரு ஊசியும் தொங்கும், தவில்காரர் வலது கை விரல்ல தொப்பி மாதிரி ஒவ்வொரு கூடா மாட்டுவார், மாட்டிட்டு ஒரு தடவ டங்குனு தட்டிப் பாப்பார். "அதான் பாப்பா நெஜக் கச்சேரி, மத்தது எல்லாரும் கேக்குறது"ம்பார். நான் போட்டோ எடுக்க ஆரம்பிச்சப்போ முதல்ல போனதும் அதுக்குத்தான். சாமி புறப்பாட்டுல மல்லாரி ஆரம்பிச்சா கூட்டம் மொத்தமா அந்தப் பக்கம் போயிடும், எல்லா கேமராவும் அங்கதான் நிக்கும். நான் அதுக்கு அரை மணி முன்னாடி மண்டபத்து தூண் ஓரத்துல இருப்பேன். தவில் கைய படம் பிடிக்கிறவங்களுக்கு ஒரு தகவல், ஷட்டர 500ல வச்சு எடுத்தா கை அப்படியே கல்லு மாதிரி நிக்கும், வாசிக்கிறாரா வச்சிட்டு இருக்காரான்னே தெரியாது. 60ல எடுங்க. கழி பிடிச்ச இடது கை கலங்கும், மூஞ்சி நிக்கும். பத்துல எட்டு வீணாப் போகும், போகட்டும்.

அப்புறம் 2010க்கு மேல டிஜிட்டல் வந்து சேந்துச்சு. முதல் வேலையா நோட்டு போச்சு. எதுக்கு எழுதணும், ஷட்டர் அப்பர்ச்சர் ஐஎஸ்ஓ தேதி நேரம் எல்லாத்தையும் கேமராவே எக்ஸிஃப்ல, அதாவது படத்தோட ஃபைலுக்குள்ளயே எழுதிக்குதே. நானும் சந்தோஷமா விட்டுட்டேன். விட்டது என்னன்னு அப்போ தெரியல.

2016 பிப்ரவரி 22, அடுத்த மகாமகம். பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே குளம், அதே 16 மண்டபம், உள்ள இருக்குற 20 தீர்த்தக் கிணறு. 2004ல ரெண்டு ரோல், 72 படம். இந்தத் தடவ ரெண்டு மெமரி கார்டு, ஆயிரத்து எண்ணூத்தி சொச்சம். ஒவ்வொண்ணும் பளிச்சுனு வந்துச்சு, தீர்த்தவாரிக்கு, அதாவது சாமி குளிக்கிற சடங்குக்கு, சூலம் மாதிரி இருக்குற அஸ்திரதேவர் குளத்துக்குள்ள இறங்குறப்போ தண்ணி தெறிச்சது எல்லாம் துளி துளியா எண்ணலாம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டு பாத்துட்டு எழுத உக்காந்தேன், ஒரு வரி வரல. ஒரு வாரம் கழிச்சு உக்காந்தேன், வரல. அந்த ஆயிரத்து எண்ணூறுக்குள்ள ஒரு குரல் கூட இல்ல. யாரு என்ன சொன்னாங்க, என்ன வாசனை, பக்கத்துல நின்ன பொம்பளை எதுக்கு சிரிச்சா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. மூணு வருஷம் உருப்படியா ஒரு கதை எழுதல. வயசாயிடுச்சு, சரக்கு தீந்துடுச்சு, வேலை பளுன்னு ஒவ்வொரு காரணமா சொல்லிட்டு திரிஞ்சேன்.

2019ல மாமா போயிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் அத்தை ஒரு டிரங்குப் பெட்டிய காமிச்சு "இத நீயே தூக்கிட்டுப் போயிடு, இல்லாட்டி எடைக்கு போட்டுருவேன், பூச்சி பூச்சியா வருது"ன்னாங்க. 43 நோட்டு. பஸ்ல வர்றப்பவே ஒண்ண பிரிச்சேன். 1985. ஏதோ ஒரு கோயில் கச்சேரி, ரா நி ஸ்வ எல்லாம் ஒழுங்கா கோடு போட்டு எழுதியிருக்கு, கடைசி கட்டத்துல, அங்க தாளம் எழுதணும், தாளத்துக்கு பதிலா "பாப்பா தூங்கிட்டா. தனி முடிஞ்சதும் எழுப்பணும்"னு இருந்துச்சு. தனின்னா தவில் மட்டும் தனியா வாசிக்கிற நேரம். எனக்கு அப்போ எட்டு வயசு. தஞ்சாவூர் தாண்டுற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னோட பழைய சிவப்பு நோட்ட பரண்ல தேடி எடுத்தேன். ஃப்ரேம் 14, செருப்பு. ஃப்ரேம் 22, "போலீஸ்காரர் ஷூவ கழட்டி கைல வச்சிருக்கார், சாக்ஸ் ஓட்ட." ஃப்ரேம் 31ல செட்டிங் மட்டும் இருக்கு, பக்கத்துல "படம் வராது, ஆனா அந்தக் கெழவி பாடுனது நல்லாருந்துச்சு." நான் எழுதுன கதை அத்தனையும் இந்த ஓரத்து வரிலேந்து வந்திருக்கு, போட்டோலேந்து ஒண்ணு கூட இல்ல. கேமரா எழுதிக்க முடியாததத்தான் நான் எழுதியிருக்கேன், கேமராவே எல்லாம் எழுதிக்கும்னு நெனச்சு இதையும் சேத்து விட்டுட்டேன்.

இதோட ஒண்ணு ஞாபகம் வருது. ஃபிரெஞ்சு போட்டோகிராபர் கார்ட்டியே-பிரெஸ்ஸான் 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலைல இருந்தார், ரமணரோட கடைசி நாட்கள படம் எடுத்தவர். 14ஆம் தேதி ராத்திரி வானத்துல ஒரு வெளிச்சம் வாலோட போறத பாத்திருக்கார், உடனே வாட்ச பாத்திருக்கார், 8:47. ரமணர் உயிர் விட்ட நேரம் அது. உலகத்துலயே பெரிய போட்டோகிராபர்ல ஒருத்தர், அந்த வெளிச்சம் இன்னிக்கு நமக்கு வந்து சேந்தது ஒரு படமா இல்ல, வாட்ச்ல பாத்த ஒரு நேரமா.

சரி, இப்போ நான் எப்படி பண்றேன்னு சொல்றேன், உபயோகப்பட்டா எடுத்துக்கோங்க. பைல ஒரு கால் சைஸ் நோட்டு, நூல்ல கட்டுன பென்சில். பேனா வேணாம், கோயில்ல தண்ணி தெளிப்பாங்க, வேர்வை வேற, மை ஊறிடும். பத்து படம் எடுத்தா கேமராவ இறக்கிடுவேன், திரைல பாக்க மாட்டேன். அந்த இடத்துலயே நின்னு படத்துல விழாத மூணு விஷயம் எழுதுவேன், ஒரு சத்தம், ஒரு வாசனை, யாரோ சொன்ன ஒரு வார்த்தை. வார்த்தைய மட்டும் திருத்தாம அவங்க சொன்ன மாதிரியே எழுதணும், "தண்ணீர் குறைவாக உள்ளது"ன்னு எழுதுனா போச்சு, "என்னடி இது, முட்டிக்கே வரல"ன்னாதான் அந்த ஆளு உள்ள இருப்பா. கெளம்புறப்போ நோட்டுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துடுவேன், அப்போ படமும் குறிப்பும் ஒரே ஃபோல்டர்ல கெடக்கும், நாளைக்கு தேட வேணாம். ஃபோல்டர் பேரு வருஷம் மாசம் தேதி ஊர், இந்த வரிசைல.

போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமேன்னு கேப்பாங்க. ஒரு வருஷம் பண்ணேன். நாப்பது மணி நேரத்துக்கு மேல ஆடியோ கெடக்கு, இன்னி வரைக்கும் ஒண்ணையும் திரும்பக் கேக்கல. மெஷின்ல இருக்குன்னு தெரிஞ்சா மனசு வேலை செய்யாது போல, என் மனசு அப்படி.

எழுதுறப்போ பாட்டு கேக்கலாமா? சொல்லு உள்ள பாட்டு எனக்கு ஆகாது, என் வாக்கியத்துல யாரோ வந்து உக்காந்துக்குற மாதிரி இருக்கு. வெறும் ஆலாபனை, இல்லாட்டி வாத்தியம். நாவல் எழுதுன ரெண்டு வருஷமும் விடியக்காலைல அஞ்சு மணிக்கு பாடகர் எம்.டி. ராமநாதனோட சஹானா ராக ஆலாபனைய போட்டுட்டுதான் உக்காருவேன், அவ்ளோ நிதானமா ஒருத்தர் போறத கேட்டா நமக்கும் அவசரம் அடங்கும், நேத்து விட்ட இடத்துக்கு அது கைய பிடிச்சு கூட்டிட்டுப் போயிடும். ஆனா ஒரு நஷ்டமும் இருக்கு. நாவல் முடிஞ்சப்புறம் அந்த சஹானாவ கேக்க முடியல, போட்டா நாவல்ல செத்துப் போற அந்த பாட்டி வந்துடறா. அதனால உங்களுக்கு உசிரான பாட்ட வேலைக்கு வைக்காதீங்க, ரெண்டாவதா பிடிச்சத வைங்க.

எழுதுனத சத்தமா படிக்கிறதும் நாதஸ்வரம் கேட்ட புண்ணியம்தான். மூச்சு எங்க எடுக்குறாங்கன்னு கவனிச்சா தெரியும், நல்ல வித்வான் வாசிக்கிற ஒரு துண்டுக்கு நடுவுல மூச்சு விட மாட்டார். படிக்கிறப்போ எனக்கு மூச்சு எங்க முட்டுதோ அங்க வாக்கியத்துல கோளாறு. சில வாக்கியம் மூச்சு முட்டத்தான் வேணும், அது வேற. முடிவுக்கும் ஒண்ணு சொல்லணும், தவில்ல கோர்வைன்னு ஒரு தாளக் கட்டு வச்சு மூணு தடவ வாசிச்சு சமத்துல வந்து டங்குனு விழும், கைத்தட்டு பறக்கும், எனக்கும் சிலிர்க்கும். கதைல அத பண்ணா மட்டும் ஏனோ எனக்கு எரிச்சலா வருது. தெரிஞ்சே கைத்தட்டு வாங்குற மாதிரி.

பட்ட அடிகளையும் சொல்லிடறேன். ஒரு பத்திரிகை நான் அனுப்புன கதைய திருப்பி அனுப்பிட்டு, கூட வச்சிருந்த போட்டோவ மட்டும் வேற கட்டுரைக்கு பேரில்லாம போட்டுக்கிச்சு. அன்னிலேந்து சின்ன சைஸ் படம்தான் அனுப்புறது, எதுக்கு, எந்தப் பேர்ல, எவ்ளோன்னு மெயில்ல பதில் வந்தப்புறம்தான் பெருசு. ரெண்டாவது, லென்ஸ பீரோல துணிக்குள்ள சுத்தி பத்திரமா வச்சேன், ஒரு மழைக்காலம் முடிஞ்சு எடுத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. துணியும் தோல் பையும் ஈரத்த பிடிச்சு வச்சுக்கும். இப்போ மூடி இறுக்கமா இருக்குற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், மாசம் ஒரு தடவ எடுத்து வெளிச்சத்துல வச்சு நாலு படம் எடுக்குறது. மூணாவது, ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கீழ விழுந்து மூணு வருஷப் படம் போச்சு, ரெண்டாவது காப்பி இல்ல. அழுதேன்தான், ஆனா அதுல 2016 மகாமகமும் போச்சுன்னு தெரிஞ்சப்போ எனக்கு பெருசா ஒண்ணும் தோணல, அதுதான் கொஞ்சம் பயமா இருந்துச்சு.

கேமராவோட தனியா போற பொம்பளைங்களுக்கு, "எந்த சேனல்மா"ன்னு கேக்காம விட மாட்டாங்க. இல்லைங்க சும்மா எடுக்குறேன்னு சொன்னா சந்தேகமா பாப்பாங்க, "கும்பகோணத்துப் பொண்ணுதான், எங்க மாமா இங்க தினம் வருவார்"னு சொன்னா தூண் ஓரத்துல இடம் கிடைக்கும். எடுத்த படத்த பிரிண்ட் போட்டு கொண்டு போய் கொடுங்க, வாட்ஸப்ல அனுப்புறது வேற, கையில கொடுக்குறது வேற. ஒரு தவில் பெரியவருக்கு நான் பெருமையா கொண்டு போய் கொடுத்தேன், திருப்பித் திருப்பி பாத்துட்டு "பல்லு தெரியுதே, வாய மூடுனது ஒண்ணும் இல்லையா தாயி"ன்னார். அடுத்த தடவ அவரே எனக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தார்.

இப்போ மாமா நோட்டு 43ஐயும் டைப் பண்ணிட்டு இருக்கேன், பதினேழாவதுல நிக்குது. 2028 மாசி மகாமகத்துக்குள்ள முடிக்கணும்னு ஆசை. எடைக்குப் போடறேன்னு சொன்ன அத்தை இப்போ வாரா வாரம் போன் பண்றாங்க. பாட்டுக்காக இல்ல. "1992ல பால்காரன் எரநூறு ரூபா அட்வான்ஸ் வாங்கிட்டு திருப்பித் தரல, உங்க மாமா எங்கயோ எழுதி வச்சேன்னு சொன்னார், பாத்தியாடி?" பாத்துட்டேன். நவம்பர் 3, கரகரப்ரியா, மோகனம்னு ரெண்டு ராகத்துக்கு நடுவுல. "பால் 200, கேக்க வேண்டாம், அவன் மகளுக்கு கல்யாணம்." இத அத்தைகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் இன்னும் தெரியல.